மூன்றாம் பம்பின் நிழலில்

ஜுபைல். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை.
பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வெயிலில் வேலை தடை.
குபூஸைக் கிழித்துப் போட்டு
பக்காலாவில் வாங்கிய வெள்ளரிக்காயைக் கடித்தேன்.
மொரிஷிதா சிரித்துவிட்டார்.
"அருமை சான், நீ கப்பா."

என் முழுப்பெயர் அருமைநாயகம்.
நாயகம் அவர் நாக்கில் ஏறவில்லை,
நானும் வற்புறுத்தவில்லை.

பெர்மிட் தாளின் பின்பக்கம்
மார்க்கரால் வரைந்தார்:
ஆமை ஓடு. வாத்துக் கால். கிளி மூக்கு.
உச்சந்தலையில் ஒரு குழி, குழிக்குள் தண்ணீர்.
அது தளும்பாமல் இருக்கும்வரை
குதிரையையே ஆற்றுக்குள் இழுத்துவிடுமாம்.
குழந்தைகளையும்தான், என்றார் குரலைத் தாழ்த்தி.
கொட்டிவிட்டால்
நனைந்த அட்டைப்பெட்டி.

எப்படிக் கொட்டவைப்பது?
"குனிந்து வணக்கம் வை.
மரியாதை தெரிந்த பிசாசு. பதிலுக்குக் குனியும்."

பிலால் பாய் மார்க்கரைப் பிடுங்கி
அதற்கு ஹெல்மெட் மாட்டினார்.
இந்த ஊரில் குனியவே வேண்டாம், என்றேன்,
சும்மா நின்றாலே ஆவியாகிவிடும்.
மொரிஷிதா யோசித்தார்.
பிரஷர் அளவு தப்பினால் யோசிப்பதுபோல
உண்மையாகவே யோசித்தார்.
பிறகு கடல் பக்கம் கை நீட்டினார்.
"நிரப்பிக்கொள்ளும்."
"உப்பாச்சே."
"அதற்குத்தானே நாம்."

சரி, யாராவது நிரப்பிக் கொடுத்தால்
அது என்ன செய்யும் என்று கேட்பதற்குள்
மூன்று மணி சைரன்.

அன்றிரவு கடல்நீர் எடுக்கும் வாய்க்காலில்
சல்லடை அடைத்துக்கொண்டது.
ஜெல்லி மீன் என்று பதிவேட்டில் எழுதினேன்.
டார்ச் அடித்துப் பார்த்தபோது
பச்சையாக ஏதோ புரண்டது.
பாசிதான்.
ஆனாலும் டிபனில் மிச்சமிருந்த
வெள்ளரித் துண்டை எறிந்தேன்,
யாரும் பார்க்காதபடி.

ஆகஸ்ட் கடைசியில் அவர் கான்ட்ராக்ட் முடிந்தது.
கேட் அருகே பெட்டியை வைத்துவிட்டு
எனக்கு முன்னால்,
ஒரு ஃபிட்டருக்கு முன்னால்,
இடுப்பு மடங்கக் குனிந்தார்.
சூப்பர்வைசர் யாருக்கும் நான் அப்படிக் குனிந்ததில்லை.
குனிந்தேன்.
ஹெல்மெட் கழன்று உருண்டு
மல்லாந்து கிடந்தது தார்ச்சாலையில்.
ஓரத்துப் பட்டையில் ஒரு கரண்டி வியர்வை.

அவர் அதை இரண்டு கையாலும் எடுத்தார்.
தன் பாட்டிலைத் திறந்து
மீதியிருந்ததை அதில் ஊற்றினார்,
சொட்டு சிந்தாமல் நீட்டினார்.

ஏர்போர்ட் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
மாட்டிக்கொண்டேன்.
காது, கழுத்து, சட்டைக்குள் எல்லாம்
நாங்கள் செய்த தண்ணீர்.