பன்னிரண்டு எம்

செவ்வாய்க்கிழமை கல்யாணம் கிடையாது.
சமாதானபுரத்து மாடியில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மணப்பெண் பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன்.
ஒரு லிப்ஸ்டிக் உருண்டோடி
சோபாவுக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

ஒவ்வொன்றின் அடியிலும்
மூடி திறந்த டப்பா ஒன்றின் படம், எறும்பளவு.
அதன் வயிற்றில் பன்னிரண்டு எம், ஆறு எம்.
திறந்த நாளிலிருந்து மாதம் எண்ண வேண்டுமாம்.
நாளை யார் குறித்தார்கள்?
எனக்கு ஆள்தான் ஞாபகம்.
இந்த மஸ்காரா வள்ளியூர்ப் பெண்ணுக்காகப் பிரித்தது.
தாலி ஏறும் முன்பே அழுது கரைத்தாள்.
அவள் பிள்ளை இப்போது எல்கேஜி.
மஸ்காராவுக்கு ஆயுசு மூன்று மாதம்.

அதற்குப் பிறகு
எத்தனை கண்களில் இழுத்திருப்பேன் இதை.

ஃபவுண்டேஷனை முகர்ந்தேன்.
காறிப்போன எண்ணெய் வாடை; தண்ணீர் தனி, மாவு தனி.
கை தானாகக் கழுவுதொட்டிக்குப் போனது.
குழாயைத் திறந்தால் ரெண்டு நிமிஷ வேலை.
தொட்டிக்குக் கீழே சாக்கடை,
சாக்கடை எங்கே போகும் என்று
பாளையங்கோட்டைக்காரிக்கு யாரும் சொல்ல வேண்டாம்,
வண்ணார்பேட்டைப் பாலத்தில் மூக்கே சொல்லும்.
விடிந்தால் அந்த ஆற்றில்
என் வாடிக்கைக்காரி ஒருத்தி முங்கி எழுவாள்,
காசு வாங்காமல் நான் போட்ட மேக்கப்போடு.

குழாயை மூடினேன்.
பழைய தினசரியை விரித்து, ஐஸ்குச்சியால் வழித்தேன்.
பழுப்பு, ரோஸ், ஒரு காலத்துப் பொன்னிறம்
நேற்றைய வெள்ளரிக்காய் விலைமேல் அப்பிக்கொண்டது.
ரிமூவரையும் நெயில் பாலிஷ் பத்தொன்பதையும்
அடுப்புக்கு எட்டாத இடத்தில், மூடி இறுக்கி, தனியாக.
ஸ்ப்ரே டின்னைக் குத்தக் கூடாது, எரிக்கக் கூடாது.
உடைந்த கைக்கண்ணாடியை நாலு சுற்றுத் துணியில் கட்டி
மேலே ‘கண்ணாடி’ என்று எழுதினேன்.
போன பங்குனியில் எழுதாமல் போட்டேன்.
முப்பிடாதி வையவில்லை,
மறுநாள் விசில் ஊதி வந்தவள்
தையல் போட்ட விரலை மட்டும் காட்டினாள்.

கடைசியில் அது.
பச்சை டப்பா, ரெண்டு மிச்சம்.
விலாசம் இல்லை, படிக்கத் தெரிந்த எழுத்தும் இல்லை.
பையோடு வந்த ஒருவரிடம் அறுபதுக்கு வாங்கி
இருநூற்று ஐம்பதுக்கு விற்றேன்.
ஒரே வாரத்தில் நிறம் ஏறியது, ஏறத்தான் செய்தது.
மேலச்செவல் பேச்சிக்கனிக்கு
மூன்றாம் மாதம் கால் வீங்கியது, மூத்திரத்தில் நுரை.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி,
‘முகத்துக்கு என்னம்மா பூசுத?’

பாதரசம்.
தெரியாது என்றேன் அவளிடம்.
தெரியாதது உண்மை.
கேட்டுத் தெரிந்துகொள்ளாததும் உண்மைதான்.

புதைக்கலாமா? கீழ்வீட்டுக் கறிவேப்பிலை நிற்கிறது.
எரித்தால் புகையாகி என் மூக்குக்கே திரும்பும்.
மூடியைச் சுற்றி டேப் ஒட்டி
ஊறுகாய் ஜாடியில் இறக்கி, அதையும் ஒட்டினேன்.
‘விஷம், திறக்காதே’
கல்யாண மொய்க்கவரில் எழுதும் அதே குண்டெழுத்தில்.

புதன் காலை விசில்.
முப்பிடாதி ஜாடியைத் தூக்கிப் பார்த்தாள்.
‘இத மக்காத குப்பையில போட்ருதாதிய.
பேட்டரி, பல்பு, காலாவதி மாத்திரைன்னு தனிச் சாக்கு இருக்கு.
கையில தாங்க, எறியாதிய.’
கொடுத்தேன். குழந்தையை வாங்குவதுபோல்
ரெண்டு கையாலும் வாங்கினாள்,
பழுத்த கையுறையில் மூன்று விரலுக்குத்தான் துணி.
புது கையுறை என் பெட்டியிலேயே ஒரு கட்டு இருந்தது,
ஹேர் டை போடும்போது மாட்டுவது. எடுத்து நீட்டினேன்.
‘இதுல காலாவதி தேதி உண்டா?’ என்றாள்.
கேலியா, நிஜமாகவா, தெரியவில்லை.

மாடிக்கு வந்து கணக்கு நோட்டைப் புரட்டினேன்.
பச்சை டப்பா, மொத்தம் பதினொன்று விற்றது.
பேச்சிக்கனி போக, பத்து நம்பர்.

முதல் நம்பர், சுத்தமல்லி.
ரெண்டு ரிங்கில் எடுத்துவிட்டாள்,
குரலில் அவ்வளவு சந்தோஷம்.
‘என்னக்கா, ஆஃபர் போட்ருக்கியளா?’