ஒரே ஒரு படம்

"வாட்ச்மேன், ஒரு போட்டோ எடுப்பா."
ஏற்காடு ஏரிக்கரையில்
மிளகாய் பஜ்ஜியை ஊதிக்கொண்டிருந்தவரிடம்
போனை நீட்டினார்கள் திருப்பூர்க்காரர்கள்.

பஜ்ஜியை என் கடைத் தட்டில் வைத்தார்.
விரலைத் துடைத்தார். வெயிலைப் பார்த்தார்.
சைகையாலேயே அண்ணனைப் பின்னுக்கு நகர்த்தி
அண்ணி முகத்திலிருந்து பனி விலகக் காத்திருந்து
ஒரே ஒரு படம்.
"பரவாயில்லையே, நல்லா எடுத்திருக்கான்."

எதிர் லாட்ஜில்
நிஜ வாட்ச்மேன் பூர்ண பகதூர் எழுந்தான்.
ஸ்டூல் சாய்ந்தது.
கார்க் கதவுக்கெல்லாம் சல்யூட் அடிக்கிற கை
பாதியில் நின்றது.

அறுபது படமாம், நேபாளத்தில்.
பாதிக்கு மேல்
மகனைப் பஸ் ஏற்றிவிடும் அப்பா வேஷம்.
பேரன் இங்கே கான்வென்டில்.
இதெல்லாம் பூர்ணா பிறகு சொன்னது.

அப்போது அவர்
உதட்டில் விரல் வைத்தார்.
ஆறிய பஜ்ஜியைப் பிட்டு
பெரிய பாதியை நீட்டினார்.

"சட்னி?" என்றேன்.
இருவரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள்.
வேணுமா வேண்டாமா,
தெரியவில்லை.