உப்பிட்ட சுவர்

ஒன்றுக்கு எண்பத்தேழு.
அந்தக் கணக்கில் யூருனின் மீன் கிடங்கு
என் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் அடங்கிவிடும்.
ஒரு கல்லுப்பு அங்கே உள்ளங்கை அகலம்.
அதனால் முதலில் உப்பை இடிக்க வேண்டும்,
மாவாக அல்ல,
பெரிதும் சிறிதுமாக.
கடல் எந்தச் சுவரையும் சமமாகக் கடிப்பதில்லை.

நவம்பர். லொஃபோட்டன் தீவில்
மதியம் இரண்டுக்கே விளக்குப் போட்டாயிற்று.
கடைசிப் படகை அனுப்பிவிட்டு வந்து
சமையலறை மேசையில்
முதுமை தயாரிக்கிறேன்.

மரத்துக்கு முதலில் சாம்பல் நிறம்:
சாராயத்தில் கரைத்த மை.
அதன்மேல் வார்னிஷ் ஒரு கை.
பிறகு ஈரத் தூரிகை, ஈரத்தின்மேல் உப்பு.
மேற்குச் சுவருக்கு அள்ளி,
கிழக்குக்குக் கிள்ளி,
கூரை விளிம்புக்குக் கீழே, மழை நுழையாத இடத்தில்,
ஒன்றுமில்லை.
காய்ந்ததும் எல்லாவற்றையும் மூடிச் சிவப்பு.

மறுநாள் வெந்நீர், பழைய பல் துலக்கி.
தேய்க்கத் தேய்க்க உப்பு கரைகிறது,
தன்மேல் நின்ற சிவப்பையும்
கையோடு கூட்டிக்கொண்டு போகிறது.
நாற்பது குளிர்காலம். இருபது நிமிடம்.

ஆணிகளுக்குக் கீழே துரு ஒழுக்கு, ஊசிமுனையால்.
ஜன்னல் விளிம்புகளில் கடற்பறவை எச்சம்.
அதைத்தான் மிகவும் ரசித்துச் செய்தேன்,
சொல்ல வெட்கமில்லை.

படகுத்துறைக் காத்திருப்பு அறையில்
கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.
எல்லோரும் குனிந்தார்கள். எல்லோரும்
"அப்படியே இருக்கிறது" என்றார்கள்.

யூருனும் குனிந்தாள்.
மூச்சில் கண்ணாடி மங்கியது,
கையுறையால் துடைத்தாள், மறுபடி பார்த்தாள்.
"மேற்குச் சுவரைப் போன ஜூனில் பூசினேன்" என்றாள்.
"மூன்று வாளி.
சூரியன் மறையாத இரண்டு ராத்திரி."
கோபமில்லை. மீன் விலை சொல்கிற குரல்.
"படகில் நின்று பார்த்தால்
எல்லாம் பழசாகத்தான் தெரியும், எய்வின்."

நான் தினமும் ஆறு முறை
அந்தச் சுவரைக் கடக்கிறவன்.
என் கையில் இருந்ததோ
ஏழு வருடத்துக்கு முந்தைய புகைப்படம்.

அன்றிரவு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன்,
கையுறையைக் கழற்றிச் சுவரைத் தொட்டேன்.
புதுச் சிவப்புதான். ஆனால் அதன் அடியில்
பழைய உரிசலின் கரைகள்
ஆறிய புண்ணின் பொருக்குப் போல
விரலுக்குத் தட்டுப்பட்டன.
உப்பிட்டதைச் சுவர் மறக்கவில்லை,
பூசியவளையும் மறக்கவில்லை:
பலகைக்குப் பலகை தூரிகை நின்று திரும்பிய தடம்,
ஓரிடத்தில் ஒட்டிப்போன ஒற்றை மயிர்.

மேலே, மூட்டை தூக்கும் உத்தரத்துக்கு மேலே,
கதவளவு ஒரு சாம்பல் திட்டு,
வாளி எட்டாத இடம்.

வீட்டுக்கு வந்து
நான் உரித்த சுவரின்மேலேயே சிவப்பைப் பூசினேன்.
தெளிக்கவில்லை. தூரிகையால்,
பலகைக்குப் பலகை நிறுத்தித் திருப்பி.
ஒன்றுக்கு எண்பத்தேழில் ஒற்றை மயிர் வைக்க முடியாது,
முயன்றேன்,
கயிறு மாதிரி இருந்தது, பிடுங்கிவிட்டேன்.
உத்தரத்துக்கு மேலே மட்டும்
பொட்டுக்கடலை அளவு சாம்பலை விட்டுவைத்தேன்.

இரண்டாம் முறை குனிந்தபோது
அவள் பார்வை நேரே அங்கேதான் போனது.
"ஏணி குட்டை" என்றாள்,
யாரோ அவளைக் கேட்டதுபோல.

படகு ஊதியது. பையை எடுத்தாள்.
வாசலில் திரும்பி,
"துறையில் நீளமான ஏணி ஒன்று இருக்கிறதே,
ஜூனில் கொண்டு வா."

சரி என்றேன்.
பெட்டியின் சாவி
இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.