எந்தக் கிணத்துத் தண்ணி

மல்லாவி ஆசுபத்திரி, புதன்கிழமை,
என்ர நம்பர் நாப்பத்தொண்டு.
குளிசைக்கு வந்தவளிட்ட
டொக்டர் றிஸ்வானா முதலில் கேட்டது
எந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கிறீங்கள் எண்டு.

பொதுக்கிணறு.
கேத்தில் அடியில் வெள்ளையாய்ப் படியும்,
கத்தியால சுரண்ட வேணும்.
மாமாவுக்குப் போன வருசம் கிட்னி போனது,
பக்கத்து வளவில் இன்னும் ரெண்டு பேர்.

ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டா.
லித்தியம். அதுவும் ஒருவகை உப்புத்தானாம்.
வெயிலுக்க களை பிடுங்கி வேர்த்து ஊத்தினால்
ரத்தத்தில் அளவு ஏறுமாம்.
ரத்தம் எடுத்து யாழ்ப்பாணம் அனுப்ப வேணுமாம்.
றிப்போட் வர எத்தினை நாள் எண்டு தாதியைக் கேட்டா.
தாதி சிரிச்சா.

மாசியில் நடந்ததைச் சொல்லுங்கோ.

ஒன்பது நாள் நித்திரை இல்லை, தேவைப்படவும் இல்லை.
ஒரே கிழமையில் மூண்டு இடத்தில் லோன் எடுத்து
இருநூறு கோழிக்குஞ்சு வாங்கினன்,
கூடு இல்லாமல்.
சாமத்தில் குளக்கட்டில் ஏறி நிண்டன்.
வவுனிக்குளம் முழுக்க எனக்கு விளங்கினது.
அது பொய் எண்டு இப்பவும் சொல்ல வாய் வரேல்லை.
சித்திரையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தனான்,
ஆனி மட்டும் சுவர்தான்.
கீரி பிடிச்ச குஞ்சுகளை
மகன்தான் எண்ணி எண்ணி வந்து சொன்னவன்.

அவ எழுதேல்லை.
வெளியில் ஆரோ, நம்பரைக் கூப்பிடுங்கோ எண்டு கத்தினம்.

இன்னொரு பிள்ளை வேணுமா, இதயரூபி?

இதை ஒருத்தரும் கேட்டதில்லை.
வேண்டாம் எண்டு எனக்காகச் சொன்ன ஆக்கள் இருக்கினம்:
மாமி, குடும்பநல மாது,
கட்டாரில் இருந்து வட்ஸ்அப்பில் அவர்.
மேசையில் கிடந்த பிளட்பிறசர் பட்டியைப் பார்த்துக்கொண்டு
ஓம் எண்டன்.

வால்ப்ரோவேற் எண்ட சொல்லை
ரெண்டு தரம் குறுக்கால வெட்டினா.
வயித்தில் இருக்கிற பிள்ளைக்கு இது கூடாது.
பேப்பர் கிழிஞ்சது.

மிச்சம் இருந்தது கியூற்றியாப்பின்.
பசி கூடும், வாய் காயும், உடம்பு வைக்கும்,
ஆனால் நல்ல நித்திரை வரும் எண்டா.

அப்ப யானைக்கு ஆர் முழிச்சிருக்கிறது?

பேனை நிண்டது.
ஒரு ஏக்கர் கச்சான், டொக்டர். வேலி ஒரு பக்கம் இல்லை.
எத்தினை மணிக்கு வரும்?
பதினொண்டுக்குப் பிறகு.
பக்கத்துக் காணியில் ஆர்?
குலேந்திரன் அண்ணை.
கேட்டால் பார்ப்பார், கேட்க எனக்கு வெட்கம்,
குஞ்சு வாங்கின காசில் அவற்றையும் இருக்கு.

அவ ரெண்டு துண்டு எழுதினா.
ஒண்டு பாமசிக்கு.
மற்றது குலேந்திரன் அண்ணைக்கு:
இவ இரவில் கட்டாயம் நித்திரை கொள்ள வேணும்.
வருத்தத்தின்ர பேர் அதில் இல்லை.

இதுதானோ எனக்குச் சரியான மருந்து?
தெரியேல்லை.
ரெண்டு கிழமையால வாங்கோ,
சரிவராட்டி மாத்துவம்.

பாமசியில் நூறு முடிஞ்சுது.
இருபத்தைஞ்சில் நாலு நாலாய் எண்ணித் தந்தினம்.

இப்ப பத்து மணி.
நாலையும் கல்லுத்தண்ணியோட விழுங்கிப்போட்டுக் கிடக்கிறன்.
நாக்கு அண்ணத்தில் ஒட்டுது.
எங்கேயோ ஒரு யானைவெடி.
குலேந்திரன் அண்ணையின்ர ரோச்
கச்சானுக்கு மேலால போய்த் திரும்புது.
எழும்பப் பார்க்கிறன்.
கால்கள் தங்கட பாட்டில் கிடக்குது.