கைமாற்று

செகெட் நகரை டீசா ஆற்றுப் பனிமூட்டம் மூடிக்கிடந்த வாரம்
எதெல்கா பொகோஷின் வலது தொடையிலிருந்து
அரைப் பருப்பளவு தசை
என் மேசைக்கு வந்தது.
உடன் வந்த தாளில்:
பிறந்த ஆண்டு 1952.
டிராம் நிறுத்தத்தில் பத்திரிகைக் கடை, ஓய்வு.
ஐந்து வயதில் போலியோ. தேறினார். நடந்தார்.
இப்போது
மாடி ஏற முடியவில்லை.

சந்தி லேசில் அகப்படாது.
நீண்ட நாரில் ஒரே ஓர் இடத்தில்தான்
நரம்பு வந்து நிற்கும்.
நானூறு சீவல் சீவினேன்.
கண்ணாடிக் கத்தி இருமுறை மழுங்கியது.
மூன்றாம் இரவு,
காப்பியில் ஆடை படிந்த நேரம்,
பச்சைத் திரையில்
அது இருந்தது.

நரம்பும் தசையும் தொட்டுக்கொள்வதில்லை.
பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லவில்லை, நான் ஒட்டியிருக்கும் என்றே நினைத்திருந்தேன்.
நடுவே ஓர் இடைவெளி,
மயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.
அதைக் கடந்து போய்த்தான்
ஒரு காலிடம்
எழுந்திரு என்று சொல்லவேண்டும்.

சொல்வதைத் தவறவிடாதிருக்க
நல்ல தசை தன் விளிம்பைக்
கொசுவம் கொசுவமாக மடித்து வைத்திருக்கும்.
இங்கே கொசுவம் அவிழ்ந்து
துணி தட்டையாகக் கிடந்தது.
எதிரே நரம்பின் முனை சுருங்கி,
பாதி இடத்தைக் காலி செய்துவிட்டு
விளக்கணைத்த கடைபோல்.

அவள் நேரில் வந்தாள்.
யாரும் வருவதில்லை இந்தக் கீழ்த்தளத்துக்கு.
"என் காலைப் பார்க்கணும்," என்றாள்.
நிறமேற்றிய சீவலைக் காட்டினேன்.
வெளுப்பும் கறுப்பும் சதுரங்கக் கட்டம்போல்
கலந்திருக்க வேண்டும்.
இவளுக்குக்
கறுப்பு ஒரு பக்கம், வெளுப்பு ஒரு பக்கம்,
பேசி வைத்ததுபோல் கும்பலாக.

ஐம்பத்தேழில் செத்த நரம்புகளின் நார்கள்
நாதியற்று நின்றபோது
தப்பிய நரம்பு
பக்கவாட்டில் துளிர்விட்டுப் போய்
அவற்றையும் பிடித்துக்கொண்டது,
நூறு நாரைக் கவனித்த இடத்தில் ஐந்நூறு.
அறுபது ஆண்டு.
இப்போது துளிர்கள் ஒவ்வொன்றாகக்
கையை எடுத்துக்கொள்கின்றன.

இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இளகியிருக்க வேண்டும்.
"கதை கட்டாதே தம்பி," என்றாள்.
"கைமாற்று வாங்கினால் திரும்பக் கேட்கத்தான் கேட்பார்கள்.
நானும் கடை வைத்திருந்தவள்."

பிறகு, கண்ணை எடுக்காமலே,
"இதில் உதவினவன் யார்?
காட்டு."

என்னால் காட்ட முடியவில்லை.
கறுப்பில் எது முதலிலேயே கறுப்பு
எது பின்னால் கறுத்தது
என்று எந்தச் சாயமும் பிரிப்பதில்லை.

"நடக்காமல் இருந்தால் மிச்சமாகுமா?"
மருத்துவர் கெரெஸ்தெஷ் ஓய்வு என்பார்.
நான் மருத்துவரில்லை என்றேன்.
"அப்போ உனக்கும் தெரியாது,"
சிரித்தபடி மேலங்கிப் பொத்தானைப் போட்டாள்,
நடுப்பொத்தான் மட்டும் மூன்று தடவை நழுவியது.

மின்தூக்கி பழுது. பதினான்கு படிகள்.
என் கையை வேண்டாமென்று தள்ளிவிட்டாள்.
ஏழாவதில் உட்கார்ந்து
பையிலிருந்து பழைய பத்திரிகையும்
மெல்லப்பட்ட பென்சிலும் எடுத்தாள்.
குறுக்கெழுத்து.
"நீ போ. வேலை கிடக்கும்."

அறிக்கையில் எழுதவேண்டிய வரி எனக்குத் தெரியும்:
சந்தி மடிப்புகள் குறைந்துள்ளன; முனை சுருங்கியுள்ளது.
எழுதப் போகவில்லை.
ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.
மேலே குழல்விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

"நான்கு எழுத்து," என்றாள்,
"பாலத்துக்கு அடியில் இருக்கும், தண்ணீர் இல்லை."

இருவரும் யோசித்தோம்.
அவள் வலது கால்
தன் பாட்டுக்குத்
துடித்துக்கொண்டிருந்தது.