குந்துமணி

அல்சூர் கிளையில் பகலெல்லாம்
அடகுக்கு வரும் நகையை நிறுக்கிறேன்.
இரவில், ஆபீஸில் கழித்துப்போட்ட தராசில்
ஆக்சலாட்டல் குஞ்சுகளை.

ஒரே தாயின் முட்டை, ஒரே தட்டு.
ஒரே செவ்வாய்க்கிழமை பொரிந்தன,
கரண்ட் போய் வந்த இடைவெளியில்.
உப்புநீரில் நானே பொரிக்கவைத்த ஆர்ட்டீமியா,
எல்லாவற்றுக்கும் ஒரே சொட்டுக்குழாய்.
ஒன்பதில் இரண்டு மூன்றாம் வாரமே போயின.

பதினொன்றாம் வாரம்
தட்டுக்கடியில் கட்டம்போட்ட தாள் விரித்தேன்.
பெரியது எழுபத்தொரு மில்லிமீட்டர்.
சிறியது இருபத்தாறு.
பெரியதற்கு நான் பெயர் வைக்கவில்லை, தேவைப்படவில்லை:
மூடியைத் தொட்டாலே
வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்கும்.
சிறியதைக் குந்துமணி என்கிறேன்.
குந்துமணித் தங்கம்கூட இல்லை என்பார்களே,
அந்த எடை. அவ்வளவுதான் இருந்தது.

சிவாஜிநகர் மீன்கடை முனீர்
போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.
"இது தேறாது மேடம்.
பெருசுக்கே போட்டுடுங்க."

எவ்வளவு வளர்ந்தாலும் இந்த இனம்
குஞ்சாகவேதான் இருக்குமாம்.
செவுள் இறகு உதிராது, கரையேறாது.
பிறகு எதற்கு இந்த அவசரம் என்று
பெரியதை நிற்கவைத்துக் கேட்கலாம் போலிருந்தது.

தண்ணீரைச் சந்தேகித்தேன்.
காவேரி வந்த நாள், டேங்கர் வந்த நாள் என்று
நோட்டில் தனித்தனியாகக் குறித்தேன்.
வெயிலைச் சந்தேகித்தேன்.
ஏப்ரலில் பெங்களூரை நம்ப முடிவதில்லை,
உறைந்த பாட்டில்களை மிதக்கவிட்டு
பதினெட்டு டிகிரியில் பிடித்துவைத்தேன்.
தராசையும் சந்தேகித்தேன்.
முத்திரைக் கல் வைத்துப் பார்த்தேன். தராசு சுத்தம்.

கால்களை எண்ணவில்லை.

ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஏழு குஞ்சையும்
தனித்தனியே பிரித்த இரவு
போன் வெளிச்சத்தில் பார்க்கிறேன்:
வலது முன்னங்கால் இல்லை.
தோளில், கடுகை விடச் சிறிதாக,
கண்ணாடி போல ஒரு மொட்டு.
இடது முன்னங்கால் இருக்கிறது, ஆனால் விரல்கள் நான்கும்
பின்னங்கால் விரல்களைவிட வெளிறி, புதிதாக.
அதுவும் ஒருமுறை போய் வந்ததுதான்.

நோட்டைப் புரட்டினேன்.
ஐந்தாம் வாரம்: எடை கூடவில்லை.
ஒன்பதாம் வாரம்: எடை கூடவில்லை.
என் கையெழுத்துத்தான்.
தின்றதையெல்லாம் அது
காலாக உருக்கி வார்த்துக்கொண்டிருக்க,
நான் பக்கத்தில் உட்கார்ந்து
வளரவில்லை என்று எழுதியிருக்கிறேன்.
செய்கூலி, சேதாரம்.
பகலில் நூறுமுறை காதில் விழும் இரண்டு சொல்.
இரவு நோட்டில் அவற்றுக்குக் கட்டமே போடவில்லை.

பெரியதின் எழுபத்தொன்றில்
எத்தனை விரல் இருக்கும்?
கேட்கவும் முடியாது. அதற்கும்
குந்துமணிக்கும் மற்ற ஐந்துக்கும்
பிறக்கும்போதே ஒட்டிவைத்த அதே சிரிப்பு.

தேவசகாயம் ஐஸ்கிரீம் என்று நம்பி
ஃப்ரீசரில் ஒரு டப்பா திறந்தான்.
உறைந்த ரத்தப்புழு.
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இன்று ஒரு பெண் அறுந்த சங்கிலி கொண்டுவந்தாள்.
பன்னிரண்டு கிராம் நானூறு மில்லி.
எடையைச் சொல்லாமல்
அறுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேனாம்.
மேனேஜர் தொண்டையைக் கனைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தராசைத் தொடவில்லை.
குந்துமணி டப்பாவின் ஓரத்தில்
புதுக் காலை ஊன்றிப் பார்த்தது.
வழுக்கியது.
மறுபடி ஊன்றுவதற்குள்
குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.
ஏழு டப்பாவுக்கும் பிடித்துவைக்க எழுந்தேன்.