மூன்று இழுப்பு

பொஹோல் தீவுக்கு வடக்கே
ஏழு பாகம் தண்ணீருக்கடியில்
பவளப்பார் முடிந்து மணல் தொடங்குகிற இடம்.
மணல் என்று சொல்கிறேன்.
கிளிமீன்கள் பவளத்தைக் கொறித்து
வெளிக்குப் போனதுதான் பாதிக்கு மேல்.
அதன்மேல் முழங்காலிட்டுக்
கடலட்டை தேடுகிறேன்.
வாயில் மஞ்சள் ரப்பர் குழாய்.
அதில் வரும் காற்றில்
டீசல் ருசி,
முந்தாநாள் ஓட்டை அடைத்த பசையின் ருசி.

சுண்டுவிரல் நீளத்தில் ஓர் உளுவை.
வளை வாசலில்
நெஞ்சுத் துடுப்பை ஊன்றி நிற்கிறது.
மணல் நிற உடம்பு,
குறுக்கே ஐந்து துருப்பட்டை,
கன்னத்தில் நீலப் புள்ளிகள்,
யாரோ பேனா உதறினாற்போல.
உச்சந்தலையில் இரண்டு கண்
ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சுழல்கின்றன.
ஒன்று என்மேல்.

உள்ளிருந்து இறால் வருகிறது
முன்னங்கையில் மணலை வாரிக்கொண்டு.
செபு நகரில் நான் சிமெண்டு சுமந்த நாட்களின்
அதே நடை.
கொட்டுகிறது, திரும்புகிறது, மறுபடி வாருகிறது.
அதற்குக் கண் சரியாகத் தெரியாது.
அதனால் ஒரு மீசையை
மீனின் வாலில் வைத்திருக்கிறது.
கிளிஞ்சல் துண்டை உருட்டும்போதும்
வாசல் சரிந்து முதலிலிருந்து தோண்டும்போதும்
மீசை வாலில்.

என் இடுப்பில் ஒரு கயிறு.
மறுமுனை மேலே படகில்,
ஃபெலிசிடாஸ் கையில்.
ஓர் இழுப்பு: நன்றாக இருக்கிறாயா.
இரண்டு: குழாய் இன்னும் விடவா.
மூன்று: வா.

இடது காது போய் ஆறு வருடம்.
முன்பெல்லாம் பார் பக்கம் இறங்கினாலே
கொதிக்கும் எண்ணெயில் ஈரக் கருவாடு விழுந்த மாதிரி
சடசடவென்று கேட்கும்,
ஆயிரம் இறால் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம்.
இப்போது அது
வலது பக்கம் மட்டும் நடக்கிற பேச்சு.

எத்தனை நேரம் பார்த்தேனோ.
பையில் நாலு அட்டை.

வால் ஒரு தரம் துடித்தது.
இறால் இல்லை.
மீனும் இல்லை.
ஓட்டை மட்டும்.
நிழலைத் தேடி அண்ணாந்து பார்த்தேன்:
களவா இல்லை, பாறைமீன் இல்லை,
எங்கள் படகின் வயிறு, அவ்வளவுதான்.
பிறகுதான் தெரிந்தது
அடுத்த மூச்சு
குழாயில் இல்லை என்று.

மூன்று. மூன்று. மூன்று.
கயிறு முன்பே என்னை அசைத்திருக்கிறது.
என் அசைவு
எனக்குமுன் மீனுக்குத் தெரிந்திருக்கிறது.

காற்றை விட்டுக்கொண்டே ஏறினேன்,
என் குமிழ்களை முந்தாமல்.

மேலே கம்ப்ரசர் பெல்ட் அறுந்து கிடந்தது.
அவள் உள்ளங்கையில் கயிறு அறுத்த சிவப்புக் கோடு.
"ஒன்பது தரம் இழுத்தேன், புரூடென்சியோ.
கீழே யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?"
பையைத் திறந்து எண்ணினாள்.
நாலு.
டீசலுக்கே காணாது.

இரவு சோற்றின் முன்னால்
மீனையும் இறாலையும் பற்றிச் சொன்னேன்.
கொஞ்சம் அழகாகவே சொன்னேன்,
மன்னிப்புக்குப் பதிலாக.
முள்ளைத் துப்பிவிட்டுக் கேட்டாள்:
"அப்போ நான் மீனா?
வாசலில் சும்மா நின்று பார்க்கிறதா?
படகு ஓட்டுகிறது யார்?
அறுந்த பெல்ட்டுக்கு ஜீன்ஸைக் கிழித்து
முறுக்கிக் கட்டினது யார்?"
என்னிடம் பதில் இல்லை.
உளுவை அந்த வளைக்கு வாடகை தருவதில்லை என்பதை
சொல்லாமல் விட்டேன்.

மறுநாள் அதே இடம்.
வாசல் அரை முழம் தள்ளியிருந்தது.
இரவில் மூடிக்கொண்டு
விடிந்ததும் வேறு பக்கம் திறந்திருக்கிறார்கள்.
முதலில் மீனின் தலை.
வெகுநேரம் கழித்து மீசை.

மேலே அவள்
கயிற்றைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு
இரண்டு கையாலும்
படகுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பாள்.

ஓர் இழுப்பு வந்தது.
ஓர் இழுப்பு அனுப்பினேன்.
பெருவிரல் வலித்திருக்கும்.
கொஞ்சம் பலமாகத்தான் இழுத்தேன்.